அப்பாவின் இடிவண்டி

பிப்ரவரி 9

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். ஃபோன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஃபோனில் நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நீ நான்கு சொல்லிவிடுகிறாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. நீயும் பதில் சொல்வதாக இருந்தால் எழுதியே அனுப்பு.

பத்திரிகை வந்தது. உன் பக்கத்தை அப்பாதான் முதலில் படிப்பார். படித்துவிட்டு, என்ன விளையாட்டோ ஒன்றும் புரியவில்லை, ஆனால் பையன் நன்றாக எழுதுகிறான் என்பார். இந்த வாரம் ஒன்றும் சொல்லவில்லை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டார். அங்கே பார்க்க என்ன இருக்கிறது? கார் நின்ற இடம் இருக்கிறது. தரையில் எண்ணெய்க் கறை இருக்கிறது.

அவர் நகர்ந்த பிறகு நான் எடுத்துப் படித்தேன். கார்ப் பந்தய விளையாட்டாம். அதில் ‘ஜெயிப்பது சுமாரான சந்தோஷம்தான், இடிப்பதுதான் பரமானந்தம்’ என்று எழுதியிருக்கிறாய். கண்ணாடி சிதறுகிற அழகை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாயாம்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டிய மனிதர் அவர். ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. அவரிடம் கண் டாக்டர், நேரே இருப்பது தெரிகிறது, பக்கவாட்டில் வருவது தெரியவில்லை, இனிமேல் எதையும் ஓட்டாதீர்கள் என்று சொல்லி, நான் சாவியை வாங்கி, காரை விற்று, இன்னும் சூடு ஆறவில்லை. இந்த நேரம் பார்த்துத்தானா உனக்குப் பரமானந்தம் பொங்க வேண்டும்?

விற்ற செய்தியைச் சொன்னபோது, என்னை ஒரு வார்த்தை கேட்டாயா என்று கத்தினாய். கேட்கவில்லைதான். கேட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பாய். பார்ப்பது யார்? அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் திரும்பி வரும்வரை என் சலவைக் கடை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றவள் நான். அப்படிப் பார்த்ததில் ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைச் சட்டையை இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் கருக்கி, வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான்தான். நீ அங்கிருந்து என்னைக் கொடுமைக்காரி என்றாய். நான் ஃபோனை வைத்துவிட்டேன். இன்னொரு முறை சொன்னாலும் வைப்பேன்.

அப்பா இப்போது எங்கேயும் போவதில்லை. பஸ்ஸில் போய் வரலாமே என்றால், “இன்னொருத்தர் ஓட்டற பஸ்ல நான் ஏறி உக்காந்து என்ன பண்றது” என்கிறார். பேச்சும் சுருங்கிவிட்டது. சாப்பாடு ஆச்சா, கடை பூட்டியாச்சா, அவ்வளவுதான்.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. இல்லை, கொஞ்சம் குத்திக்காட்டத்தான் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் பயந்துவிட்டேன். நல்ல செய்தியை யாரும் இவ்வளவு மெனக்கெட்டு அனுப்புவதில்லையே. படித்த பிறகுதான் திட்டு என்று தெரிந்து நிம்மதியானேன்.

முதலில் என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். என் வேலையை நீ இன்னும் விளையாட்டு என்றே நினைக்கிறாய். நகல் எடுக்கும் கடைக்கு மேலே என் அறை. திரை பளபளக்கக் கூடாது என்று பகலெல்லாம் திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கீழே நகல் இயந்திரம் ஓடினால் என் நாற்காலி நடுங்கும். ஒரே திருப்பத்தை ஒரு மத்தியானம் முழுக்க ஓட்டுவேன், வேகமாக, மெதுவாக, எதிர்த் திசையில். கட்டைவிரல் காய்த்துப் போயிருக்கிறது. அத்தனையையும் அரைப் பக்கத்தில் எழுத வேண்டும். அந்த அரைப் பக்கத்தையும் எங்கள் ஆசிரியர் கால் பக்கமாக்குவார். அவருக்கு அலுவலகத்தில் கத்தரி என்று பெயர்.

அந்த விளையாட்டும் நீ நினைப்பதுபோல் கொடூரமானது இல்லை. ஒரு பெரிய நகரம், நல்ல வெயில். எதிரே வரும் வண்டியிலிருந்து மயிரிழையில் தப்பினால் உனக்கு வேகம் கூடும். பக்கத்தில் வருகிறவனைத் தடுப்புச் சுவரில் தேய்த்துவிட்டால் இன்னும் கூடும். நீயே இடித்துவிட்டால் காலம் மெதுவாகிவிடும். கதவு தனியாக, சக்கரம் தனியாக, கண்ணாடித் தூள் வெயிலில் மின்னிக்கொண்டு பறக்கும். அடுத்த கணம் புது வண்டியில் பழைய வேகத்தில் போய்க்கொண்டிருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதைத்தான் பரமானந்தம் என்று எழுதினேன். எழுதும்போது அப்பா ஞாபகம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

இப்போது என் கோபம். நீ காரை விற்றதில் எனக்கு வருத்தம் இல்லை அக்கா, சத்தியமாக. விற்றுவிட்டுச் சொன்னாயே, அதுதான். அப்பாவின் கண் போகிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் டாக்டரிடம் போய் வந்து, பயந்து, சண்டை போட்டு, எல்லாம் முடிந்த பிறகு எனக்குச் செய்தி வருகிறது. நான் அந்த வீட்டுப் பிள்ளையா, விருந்தாளியா என்று இருந்தது. அந்தக் கடுப்பில் சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு அலுவலகத்தில் புது விளையாட்டு இயந்திரம் கொடுத்திருக்கிறார்கள். பழையதை உங்களுக்குப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், அந்த விளையாட்டையும் சேர்த்து. அப்பாவுக்காக என்று நினைக்காதே. இங்கே வைக்க இடமில்லை. ஆனால் டிவி நேரே எதிரில்தானே இருக்கிறது? பக்கவாட்டில் ஒன்றும் வராதே? டாக்டரைக் கேட்டுவிட்டு உன் இஷ்டப்படி செய்.

தம்பி

*

மார்ச் 4

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சொல்லியிருக்க வேண்டும்தான். உன்னைப் பதறவைக்க வேண்டாம் என்று நினைத்தேன். அது அங்கே எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை. இத்தோடு இதை விடு.

பெட்டியை நான் பிரிக்கவில்லை. துணி மடிக்கும் மேஜைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டேன். வீட்டில் இருக்கிறவருக்கே கார் இல்லாத ஏக்கம், இதில் பொம்மைக் கார் வேறா என்றிருந்தது. அப்பா அதைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். அந்த இடிக்கிற விளையாட்டா என்றார். ஆமாம் என்றேன். “எந்த மாதிரி ரோடுன்னு பாக்கலாமே” என்றார்.

டாக்டரிடம் கேட்டேன். தாராளமாக விளையாடட்டும், நடுநடுவே கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். வயர்களை நானே மாட்டினேன். முதலில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. பிறகு சத்தம் வந்தது, படம் போய்விட்டது. ஒரு வழியாக இரண்டும் வந்தபோது எனக்கு வியர்த்துவிட்டது.

அப்பா சோபாவில் உட்காரவில்லை. சாப்பாட்டு மேஜை நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பனியனோடு இருந்தவர் எழுந்து போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். விளையாட்டின் பெயர் வாயில் நுழையவில்லை என்று அவரே இடிவண்டி என்று வைத்துவிட்டார்.

பந்தயம் தொடங்கியது. மற்ற வண்டியெல்லாம் அம்புமாதிரி போய்விட்டன. இவர் இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து, மெல்ல நகர்ந்தார். முதல் சிக்னல் சிவப்பாக இருந்தது. நிறுத்திவிட்டார். நான் கடையிலிருந்து வந்த போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தேன். டிவியில் சத்தமே இல்லையே என்று திரும்பிப் பார்த்தால், நடு ரோட்டில் அமைதியாக நிற்கிறார். பின்னாலிருந்து ஒருவன் வந்து மோதினான். கார் ஒரு சுற்று சுற்றிவிட்டது. அப்பா என் பக்கம் திரும்பி, போலீசிடம் சொல்வதுபோல, “பின்னாடி வந்தவன் மேலதான் தப்பு” என்றார்.

பந்தயம் முடியும்வரை அப்படியே ஓட்டினார். கடைசி இடம் என்று பெரிய எழுத்தில் வந்தது. அதில் ஒருவன் விடாமல் பேசிக்கொண்டே வருகிறானே, அவன் ஆங்கிலத்தில் ஏதோ கேலியாகச் சொன்னான். என்ன சொல்கிறான் என்று அப்பா கேட்டார். நிதானமாக ஓட்டுகிறீர்கள் என்று சொல்கிறான் என்றேன். தலையாட்டிக்கொண்டார். நான் சமையலறைக்குப் போய்ப் போர்வையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

இப்போது தினமும் ஓட்டுகிறார். உன்னிடம் சில கேள்விகள் கேட்டு எழுதச் சொன்னார். இண்டிகேட்டர் எங்கே இருக்கிறது? ஹாரன் உண்டா, இல்லையா? ஆற்றுப் பாலத்தில் வளைவுக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை ஏன் வைக்கவில்லை? கடைசிக் கேள்வியை நீ விளையாட்டைச் செய்தவர்களிடமே சொல்ல வேண்டுமாம்.

அக்கா

*

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

அலுவலகத்தில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில், கத்தரி வந்து என்ன விஷயம் என்று கேட்டார். அப்பா ஒரு பந்தய விளையாட்டில் சிக்னலில் நிற்கிறார் என்றேன். சும்மா நின்றுகொண்டிருந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, முழுக்கச் சொல்லு என்றார்.

அப்பாவின் கேள்விகளுக்குப் பதில். இண்டிகேட்டர் கிடையாது. பாலத்தில் பலகை இல்லாதது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஹாரன் இருக்கிறது. இடது கைக் குமிழைத் திருப்பாமல் அப்படியே உள்ளே அழுத்த வேண்டும். அக்கா, இது எனக்குத் தெரியாது. அந்த விளையாட்டை அத்தனை நாள் ஓட்டி, நட்சத்திரம் போட்டு, அச்சிலும் வந்துவிட்டது. அதில் ஹாரன் இருப்பது உன் கடிதம் வந்த பிறகு தேடிப் பார்த்துத்தான் தெரிந்தது. ஹாரன் அடித்தால் முன்னால் போகிற வண்டி ஒதுங்கி வழிவிடுகிறது. நாங்கள் யாரும் அடித்ததில்லை, நேராக மோதிவிடுவோம்.

பிறகு ஒரு காரியம் செய்தேன். நானும் சிவப்பு விளக்கில் நின்றேன். அந்த நகரத்தில் நான் நின்று பார்த்ததே இல்லை. சிக்னல் உண்மையாகவே மாறுகிறது. பச்சை வந்தால் இந்தப் பக்கம் நகர்கிறது, அந்தப் பக்கம் நிற்கிறது. மஞ்சள் விழுந்தால் ஒரு டாக்சி அவசரப்படுகிறது, ஒரு வேன் நின்றுவிடுகிறது. நாம் இடித்து நாசமாக்குவதற்காக இவ்வளவு ஒழுங்கான ஊரை யாரோ உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். நான் மெதுவாகத் தெருத் தெருவாகப் போனேன். சந்தைக்குப் பின்னால் ஒரு சின்னத் தெரு. அதில் ஒரு சலவைக் கடை இருக்கிறது. கண்ணாடிக்கு உள்ளே வரிசையாகச் சட்டைகள் தொங்குகின்றன. வேகமாகப் போனால் ஒரு வண்ணக் கோடு, அவ்வளவுதான் தெரியும்.

மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்தேன். ‘நகரம் வெறும் பின்னணி, உயிரில்லை’ என்று எழுதியிருந்தேன். பார்க்காமல் எழுதியிருக்கிறேன். இதைப் பற்றி இன்னொரு முறை எழுதலாமா என்று கத்தரியிடம் கேட்டிருக்கிறேன். ஒரு விளையாட்டுக்கு இரண்டு விமர்சனமா என்று முகத்தைச் சுளித்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்பா இன்னும் ஒரு முறைகூட இடிக்கவில்லையா? இடித்தால் எழுது. ஏன் கேட்கிறேன் என்றால், கொஞ்சம் கவலையாகவும் இருக்கிறது. அந்த மெதுவான காட்சி அவருக்கு எப்படி இருக்குமோ. பெட்டியை அனுப்பும்போது அதை நான் யோசிக்கவில்லை.

தம்பி

*

மார்ச் 23

தம்பிக்கு,

இடித்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம். கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா ஆற்றுப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தார். எதிரே ஒரு பஸ் வந்தது. அந்த விளையாட்டில் பஸ்ஸும் உண்டு என்று நீ சொல்லவே இல்லை. அதன் மேல் படக் கூடாது என்று ஒடித்தார். பாலத்துத் தூணில் போய் மோதினார். நீ எழுதினாயே, எல்லாம் மெதுவாகிவிடும் என்று. அப்படியே ஆனது. முன்பக்கம் அப்பளம்போல் சுருங்கியது. கண்ணாடி பறந்தது. பஸ் ஓரமாகத் தப்பிப் போய்விட்டது.

அப்பா கையில் பிடித்து ஓட்டுகிற அந்தக் கன்ட்ரோலரை மேஜைமேல் வைத்தார். முகம் கழுவிக்கொண்டு வந்து படுத்துவிட்டார். சாப்பிடவும் வரவில்லை. தம்பி, அன்றைக்கு உனக்கு மனசுக்குள் ஒரு கடிதம் எழுதினேன். அது நல்லவேளையாகக் காகிதத்துக்கு வரவில்லை.

மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அதே நாற்காலியில். மறுபடி மறுபடி தூணில் இடித்துக்கொண்டிருக்கிறார். இடித்து, படத்தை நிறுத்தி, டிவிக்கு அருகில் போய்க் குனிந்து பார்க்கிறார். என்னப்பா செய்கிறீர்கள் என்றேன்.

“உள்ள யாருமே இல்ல பாத்தியா,” என்றார். “ஸ்டியரிங் இருக்கு. பெல்ட்டு இருக்கு. ஆளு இல்ல. எல்லா வண்டியும் பாத்துட்டேன். அந்த பஸ்ஸையும் நிறுத்திப் பாத்தேன், ஒரு சீட்டுலகூட ஆளு இல்ல.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். கார் போன பிறகு அவர் சிரித்து நான் கேட்கவில்லை. பிறகு உட்கார்ந்து, பந்தயத்தில் பக்கத்தில் வந்த வண்டியை வேண்டுமென்றே போய் இடித்தார். அது உருண்டு ஓடியதும் ஒரு சத்தம் போட்டார் பார், கீழ் வீட்டிலிருந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

இட்லி எடுத்து வைக்கும்போது அவரே பேசினார். நான் கேட்கவில்லை. பஸ் ஓட்டின காலம் முழுக்க வண்டியைப் பற்றி ஒரு நாளும் பயந்ததில்லையாம். பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள்தானாம். பிடரியிலேயே ஏறி உட்கார்ந்திருப்பதுபோல் இருக்குமாம். ஓய்வு பெற்ற பிறகும் அது இறங்கவில்லை. காரில் நான் ஒருத்தி இருந்தாலும் அதே கனம்தானாம். போன வருஷக் கடைசியில், பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்தது அது தாண்டிப் போன பிறகுதான் தெரிந்ததாம். அன்றிலிருந்தே கண் சரியில்லை என்று அவருக்குத் தெரியும்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு ஏன் ஓட்டினீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“சாவிய நானே குடுத்துடணும்னுதான் இருந்தேன். எப்படிக் குடுக்கறதுன்னு தெரியல. நீ கேட்டுட்ட. நல்லதாப் போச்சு. ஆனா குடுத்தப்புறம் நான் யாருன்னு எனக்கே தெரியாமப் போச்சு. அதான் பேசாம இருந்தேன். உம் மேல கோவம் இல்லம்மா.”

அவர் கோபமாக இருக்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு இட்லி வைத்தேன். சாப்பிட்டார்.

அக்கா

*

மார்ச் 31

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். வேலையில் இப்படி எனக்கு நடந்ததே இல்லை.

நீ இவ்வளவு நாள் அந்த வீட்டில் அவருடைய மௌனத்தைக் கோபம் என்று நினைத்துக்கொண்டு தனியாக இருந்திருக்கிறாய். நான் ஃபோனில் கொடுமைக்காரி என்றபோது நீ அதைக் கொஞ்சம் நம்பியிருப்பாய் என்று இப்போதுதான் தோன்றுகிறது. போன மாதக் கடிதத்தில் ஏதோ கடுப்பில் சொன்னேன் என்று எழுதி நகர்ந்துவிட்டேன். அது போதாது. மன்னித்துவிடு அக்கா. நீ செய்ததுதான் சரி.

இன்னொன்று. கத்தரி இரண்டாவது விமர்சனத்துக்குச் சரி என்றுவிட்டார். எழுதியும் விட்டேன். ஆனால் அதில் அப்பா இருக்கிறார். பெயர் இல்லை, ஊர் இல்லை, ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர் என்று மட்டும். சாவியைப் பற்றியும் அவர் உன்னிடம் சொன்னதைப் பற்றியும் ஒரு சொல்கூட இல்லை. அது வீட்டு விஷயம். நீயும் அப்பாவும் படித்துவிட்டு வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன். கத்தரியிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். முக்கியமான பகுதியை இங்கே எழுதுகிறேன்.

‘இந்த விளையாட்டை நான் முதலில் மதிப்பிட்டபோது வேகத்தை மட்டும் பார்த்தேன். பாட்டுச் சத்தம் அதிகம், அறிவிப்பாளர் வாயை மூடுவதில்லை, சுரங்கப் பாதைகள் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று நான் வைத்த குறைகள் இப்போதும் குறைகள்தான். ஆனால் வாழ்நாள் முழுக்க யாரையும் இடிக்காமல் பஸ் ஓட்டிய ஒருவர் இதை எப்படி ஆடுகிறார் என்று கேள்விப்பட்டேன். அவர் சிவப்பு விளக்கில் நின்றார். கடைசியாக வந்தார். அவர் நின்றதால்தான் இந்த நகரத்தின் விளக்குகள் மாறுவதை நானும் பார்த்தேன். பிறகு அவர் ஒரு தூணில் மோதினார், பயந்தார். மறுநாள் ஒவ்வொரு வண்டியாக நிறுத்தி, உள்ளே ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். அதன் பிறகு அவர் அடைந்த சந்தோஷம் என்னைப் போன்றவர்களுக்குக் கிடைக்காது. நாங்கள் அந்த இருக்கைகளை ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. காலி இருக்கை என்பது இந்த விளையாட்டைச் செய்தவர்கள் நமக்குக் கொடுத்திருக்கும் மிகப் பெரிய பரிசு என்பதை, பொறுப்பு என்றால் என்னவென்று தெரிந்தவர்தான் கண்டுபிடிக்க முடியும்.’

கடைசி வரி கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டதோ? கத்தரி எப்படியும் அதில் கை வைப்பார்.

தம்பி

*

ஏப்ரல் 7

தம்பிக்கு,

அப்பாவுக்கு நான் வாசித்துக் காட்டினேன். நான் வாசித்தது போதாதென்று பிறகு அவரும் வாங்கிப் படித்தார். போடலாமாம். ஆனால் ஒரு திருத்தம் சொன்னார். கடைசியாக வந்தார் என்று இருக்கக் கூடாதாம்.

“நான் லேட்டா வரல. எனக்குச் சரியான டைம்தான். மத்தவங்க எல்லாரும் சீக்கிரம் வந்துட்டாங்க. அத அப்படியே எழுதச் சொல்லு.”

நானும் ஒரு திருத்தம் சொல்கிறேன். விளையாட்டில் இருப்பதாக நீ எழுதின சலவைக் கடையைப் போய்ப் பார்த்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது என்றதும் அப்பாவே கூட்டிக்கொண்டு போனார். சந்தைக்குப் பின்னால் திருப்பி, பின்பக்கமாக நகர்த்தி, இரண்டு வண்டிகளுக்கு நடுவில் ஒரு கீறல் இல்லாமல் நிறுத்தினார். உன் விளையாட்டில் யாரும் இப்படி நிறுத்தியிருக்கமாட்டார்கள். கடை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெயில் நேராக அடிக்கிற கண்ணாடிக்குப் பின்னால் எந்தப் பைத்தியமும் நிறச் சட்டையைத் தொங்கவிடாது, வெளுத்துவிடும். செய்தவர்களிடம் பாலத்துப் பலகையோடு இதையும் சேர்த்துச் சொல்லு.

நீ கேட்ட மன்னிப்பு வந்து சேர்ந்தது. நானும் அன்றைக்கு ஃபோனை வைத்திருக்கக் கூடாது. திட்டிவிட்டு வைத்திருக்க வேண்டும்.

அக்கா

*

ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

வந்துவிட்டது. இதோடு ஒரு பிரதி வைத்திருக்கிறேன். நான்கு நட்சத்திரம். நான்கரை கேட்டேன். பாட்டுச் சத்தத்தை நீயே குறை என்று எழுதிவிட்டு அரை நட்சத்திரம் எங்கிருந்து வரும் என்று கத்தரி விடவில்லை. எதிர்பார்த்ததுபோலவே கடைசி வரியை வெட்டிவிட்டார். ஆனால் அப்பாவின் திருத்தத்தைத் தொடவில்லை. அதையே தலைப்பாகவும் போட்டுவிட்டார், ‘மற்றவர்கள் சீக்கிரம் வந்துவிட்டார்கள்’ என்று.

வாசகர்கள் எழுதுகிறார்கள். ஒரு பல் டாக்டர், தானும் இப்போது சிக்னலில் நிற்பதாகவும், அதற்காகத் தன் மகள் பேசுவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். என் வேலையில் இதுவரை எனக்கு வந்த கடிதமெல்லாம் உனக்கு ஆடத் தெரியாது என்பதுதான்.

மே மாதம் விடுப்பு கேட்டிருக்கிறேன். கிடைத்துவிடும். ஒரு வாரம் உங்களோடு இருப்பேன். இரண்டு பேர் ஆடுவதென்றால் இன்னொரு கன்ட்ரோலர் வேண்டும், நான் வரும்போது வாங்கி வருகிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 29

தம்பிக்கு,

கன்ட்ரோலர் வாங்கி வராதே. நாங்கள் வாங்கிவிட்டோம். அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் பக்கம் அச்சில் வந்ததிலிருந்து அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை, தம்பி வருவதற்குள் நீயும் கற்றுக்கொள், இன்னொன்று வாங்கலாம் என்றார். அதை விற்கிற கடை ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. டாக்சிக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். எதற்கு, வாசலிலேயே பஸ் வருகிறதே என்றார். நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன், எங்கே மனசு மாறிவிடுவாரோ என்று.

பஸ்ஸில் ஓட்டுநருக்கு நேர் பின்னால் இரண்டு இடம் காலியாக இருந்தது. அப்பா உட்கார்ந்ததும் முன்னால் இருந்த கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஓட்டுநர் சின்ன வயசுப் பெண். தலையை அழுத்தி வாரிக் கட்டியிருந்தாள். முதல் நிறுத்தம் வரைக்கும் அப்பாவின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. அவள் பிரேக் போடும்போதெல்லாம் இவரும் போட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய சந்திப்பில் ஒரு வேன் குறுக்கே புகுந்தது. அவள் ஹாரன்கூட அடிக்கவில்லை. முன்பே எதிர்பார்த்ததுபோல வேகத்தைக் குறைத்து, அவனைப் போகவிட்டு, பிறகு எடுத்தாள். நின்றுகொண்டிருந்த ஒருவர்கூட ஆடவில்லை. அப்பா லேசாகத் தலையை ஆட்டினார். கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு கையும் மடிக்கு வந்துவிட்டது.

அப்புறம் என் தோளில் பாரம் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். தூங்கிவிட்டார். வாய் கொஞ்சம் திறந்து, கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்து, குழந்தைமாதிரி. என் வயசுக்கு அப்பா பஸ்ஸில் தூங்கி நான் பார்த்ததில்லை.

நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். நான் எழுப்பவில்லை. கதவு மூடியது. பஸ் கடைசிவரை போயிற்று.

எல்லோரும் இறங்கிய பிறகு அந்தப் பெண் இஞ்சினை நிறுத்தினாள். சத்தம் நின்றதும் அப்பா கண்ணைத் திறந்தார். எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். கடைசி நிறுத்தம் என்றேன். ஏன் எழுப்பவில்லை என்று என்னைக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கண்ணாடியைச் சரி செய்துகொண்டு எழுந்து, ஓட்டுநரின் இருக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா ஓட்டறம்மா,” என்றார். “நான் தூங்கிட்டேன்.”

அவளுக்கு அது எவ்வளவு பெரிய பாராட்டு என்று தெரிந்திருக்காது. தாங்க்ஸ் சார் என்று சிரித்தாள். நாங்கள் தவறவிட்ட நிறுத்தத்துக்கு இதே வண்டிதான் திரும்பிப் போகுமா என்று அப்பா கேட்டார். போகும் என்றாள்.

மறுபடி ஏறி உட்கார்ந்தோம். இந்தத் தடவை நடுவில், ஜன்னல் பக்கமாக.

அக்கா